டேப்பின் மறுமுனை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்குத் திரையில் ஓட்டிக் காட்டிய படத்தை நானும் பார்த்தேன். தொலைநோக்குள்ள ஒரு முதலாளி, ஒரு பாக்டீரியா, ஓர் அரிய சர்க்கரை, அடுத்த காட்சியிலேயே கப்பல். பின்னணியில் வயலின் வேறு. உங்களுக்குப் பிடித்திருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த யூனிட் அப்படி நோகாமல் பிறந்து வளர்ந்ததில்லை. ஒரு வாரம் இதற்குப் பாடையே கட்டிவிட்டார்கள். அந்த வாரத்தைப் படத்தில் வெட்டி எறிந்துவிட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். மங்கலத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். நுண்ணுயிரியல் படித்துவிட்டுப் பாதி வாழ்க்கையைச் சாயப்பட்டறைகளுக்கு என்சைம் விற்பதில் கழித்தேன். பனியன் துணியின் மேல் நிற்கும் பிசிறைத் தின்று வழவழப்பாக்கும் என்சைம் அது. அதனால் 'திருப்பூருக்கும் பயாலஜிக்கும் என்ன சம்பந்தம்' என்று யாராவது உங்களிடம் கேட்டால், அவர் போட்டிருக்கும் பனியனைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெருமாநல்லூர்ப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த சென்னியப்பன்தான் என்னைக் கூப்பிட்டார். பட்டறையை ஒட்டி ஒரு ஷெட் சும்மா கிடந்தது. அதில் அல்லுலோஸ் செய்யலாம் என்று சொன்னது நான். செய்வோம் என்று சொன்னது அவர். அந்தத் துணிச்சலுக்கு அவரை நான் என்றைக்கும் மதிப்பேன், பிறகு அந்தத் துணிச்சல் நடுவில் கொஞ்சம் ஆட்டம் கண்டாலும்.

அல்லுலோஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் கேட்பார்கள், நான் சொல்வது போலச் சொல்லுங்கள். பழச்சர்க்கரையின் உடம்பில் ஒரே ஓர் இடத்தில் ஒரு கையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் அது வேறு சர்க்கரை ஆகிவிடுகிறது. நாக்குக்கு இனிக்கும். உடம்பு அதைப் பெரும்பாலும் எரிக்காமல் வெளியே அனுப்பிவிடும். அத்திப்பழத்திலும் உலர்ந்த திராட்சையிலும் துளித்துளியாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கையைத் திருப்பி வைக்கத் தெரிந்த என்சைம் சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. நாம் பாக்டீரியாவை வளர்த்து, அந்த என்சைமை 'பீட்ஸ்' என்னும் சின்னச் சின்ன மணிகளில் ஒட்ட வைத்து, எஃகு உருளையில் நிரப்பி, மேலிருந்து பழச்சர்க்கரைப் பாகை விடுகிறோம். கீழே வரும்போது பத்தில் மூன்று பங்கு அல்லுலோஸ் ஆகியிருக்கும். அதைப் பிரித்தெடுத்துவிட்டு மீதியைத் திரும்ப மேலே ஏற்றுகிறோம்.

இந்தப் 'பத்தில் மூன்று'தான் எனக்கும் வேலுச்சாமி மாஸ்டருக்கும் நடந்த முதல் சண்டை. பட்டறையில் சாயம் ஏற்றும் டையிங் மாஸ்டர் அவர். தண்ணீர், நீராவி, மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் ஷெட்டுக்கும் சேர்த்து அவர்தான் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுத் துணி சாம்பிள். முதல் ஓட்டத்தின் அளவைப் பார்த்துவிட்டு அவருக்கு மனசே ஆறவில்லை.

"ஏனுங்க மேடம், பத்துக்கு மூணுதானுங்களா? ஷேடு ஏறலைன்னா டாப்பிங் போடோணுமுங்க. இன்னொரு கை என்சைம் அள்ளிப் போடுங்க, ஏறிக்கும்."

சாயத்தில் அவர் சொல்வது சரி. நிறம் குறைந்தால் இன்னும் கொஞ்சம் சாயம் போட்டு ஏற்றுவார்கள். இங்கே அது நடக்காது. இந்த என்சைம் கையைத் திருப்பியும் வைக்கும், திருப்பியதைப் பழையபடியும் வைக்கும். இரண்டும் சமமாகும் இடம் பத்தில் மூன்று. எவ்வளவு என்சைம் கொட்டினாலும் அங்கேதான் நிற்கும், சீக்கிரம் போய் நிற்கும், அவ்வளவே. நான் எவ்வளவோ சொல்லியும் அவர், "என்னமோ போங்க, எனக்கு இது அரை வேக்காடாத்தான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் வாசலில் நின்று, "இன்னைக்காவது மூணைத் தாண்டுச்சுங்களா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டு இனிப்புக் கம்பெனி ஒன்றின் சார்பில் ஓர் அம்மாள் வெள்ளிக்கிழமை யூனிட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. நம் சரக்கை வாங்க வந்த முதல் பையர். உருளை ஓடுவதை நேரில் பார்த்துவிட்டு, கீழே வருவதைத் தன் கையால் சாம்பிள் எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய வாரக் கடைசியில் எங்கள் ஷெட்டின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று. மாஸ்டர் பெருந்தன்மையாகப் பட்டறையின் தொட்டியிலிருந்து எங்களுக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார். சவ்வு வழியாக வடிகட்டிய தண்ணீர். வடிகட்டியிலிருந்து வெளியே வரும் இடத்திலேயே பிடித்துச் சோதித்தோம், எங்கள் பழைய தண்ணீரைவிடச் சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை வரை மூன்று. திங்கட்கிழமை இரண்டு. செவ்வாய்க்கிழமை, உள்ளே போன பழச்சர்க்கரை போனபடியே கீழே வந்தது.

முதலாளி சென்னியப்பன் ஏற்கெனவே மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோகும் ஆலோசகர் ஒருவரை வைத்திருந்தார். அவர் அன்றைக்கே பெங்களூரிலிருந்து ஓடி வந்தார். குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த புது என்சைமை எடுத்து எங்கள் ஆய்வகத்தில் பழச்சர்க்கரையோடு கலந்து பார்த்தார். அதுவும் அசையவில்லை. அவருக்கு அது போதும்.

"மேடம், எமோஷனலாப் பாக்காதீங்க. உங்க பாக்டீரியா ஸ்ட்ரெயினே கெட்டுப் போச்சு. பீட்ஸைக் கொட்டிட்டு வெளிநாட்டு என்சைம் வாங்கிக்கலாம். இல்லேன்னா இதை விட்டுடலாம். திருப்பூர்ல இது சரிப்படாதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

கடைசி வாக்கியம் எதற்கு? உருளை நின்றதற்கும் ஊருக்கும் என்ன? ஆனால் அந்த வாக்கியம்தான் முதலாளி காதில் நன்றாக ஏறியது. ஊரே அவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், "பனியன் ஊர்ல சக்கரை காய்ச்சறீங்களாமா?" என்று கேட்டுச் சிரிப்பார். பாவம், மனுஷனும் எத்தனை நாள்தான் தாங்குவார்.

புதன்கிழமை காலை நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் என் உருளையில் செருப்புக் காலை முட்டுக்கொடுத்து நின்று, எஃகு டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். மண்ணரையில் பனியன் துணிக்குப் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவராம். இந்த ஷெட் காலியானால் பிரிண்டிங் டேபிள் எத்தனை போடலாம் என்று பார்க்க வந்திருக்கிறார். முதலாளிதான் வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் மரியாதையான மனிதர்தான். "வாங்க மேடம். அந்த முனையச் சித்த புடிச்சுக்கறீங்களா?" என்று டேப்பின் நுனியை என்னிடம் நீட்டினார்.

"நான் இதை ஓட்ட வந்தவளுங்க. அளந்து குடுக்க வந்தவள் இல்லை. முதல்ல காலை எடுங்க," என்றேன்.

காலை எடுத்துவிட்டார். ஆனால் நீட்டிய டேப் நீட்டியபடியே இருந்தது. வேலுச்சாமி மாஸ்டர் அந்தப் பக்கமாக வந்தவர், விருந்தாளி கையை நீட்டிக்கொண்டு நிற்பது அழகில்லை என்று, "குடுங்க குடுங்க" என்று ஓடிப்போய் நுனியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக ஷெட்டைச் சுற்றி அளந்தார்கள். மாஸ்டருக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேடம், வெள்ளிக்கெழமை ஓடலைன்னா சனிக்கெழமை பூட்டிர்றதுதானுங்க. ஆனா ஒரு வழி இருக்குதுங்க. ரெடிமேடா அல்லுலோஸ் பாகு வெளியில கெடைக்குதாமா. ஒரு டிரம் வாங்கிக் கீழ்த்தொட்டில ஊத்தி வெச்சுட்டா, அந்தம்மா சாம்பிள் எடுத்துட்டுப் போயிருவாங்க. நாம அப்பறம் நிதானமாச் சரி பண்ணிக்கலாமுங்க. பனியன்ல செய்யாததுங்களா?"

பனியனில் செய்வதுதான். சாம்பிளுக்கு நேரமில்லை என்றால் அடுத்த யூனிட்டில் நாலு பீஸ் வாங்கி லேபிள் மாற்றி அனுப்புவது இந்த ஊரில் தினசரி நடப்பது. பிறகு ராப்பகல் தைத்து அதே தரத்தில் சரக்கு கொடுத்தும் விடுவார்கள். ஆனால் அங்கே தைக்கத் தெரியும் என்ற தைரியத்தில் செய்கிறார்கள். எனக்கு அப்போது உருளை ஏன் நின்றது என்றே தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் ஆர்டர் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

"அப்படிக் காட்டறதா இருந்தா என்னை அனுப்பிட்டுக் காட்டுங்க," என்றேன். "இன்னொண்ணும் சொல்றேன். பீட்ஸை ஒரு மணிகூடக் கொட்ட விட மாட்டேன். அது சாகலை."

"எப்படிங்க சொல்றீங்க? அவரு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாரே."

எப்படிச் சொன்னேன் என்றால், சாகிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்சைம் கிழடாகும்போது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். இது இரண்டே நாளில் விழுந்தது. குளிர்பெட்டியில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்ததும் கூடவே விழுந்தது. இரண்டு பேர் ஒரே நாளில் வயசாகிச் சாக மாட்டார்கள். வெளியிலிருந்து ஏதோ வந்து கழுத்தை நெரித்திருக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது என்ன? பாகும் தண்ணீரும். பாகு பழைய லாட்டின் மிச்சம்தான், போன வாரம் நன்றாக ஓடியது. மீதி தண்ணீர். ஆய்வகக் குழாயிலும் இப்போது வருவது பட்டறைத் தொட்டித் தண்ணீர்தான்.

மாஸ்டரைத் தேடிப் போனேன். "தண்ணியில ஏதாச்சும் போட்டீங்களா மாஸ்டர்?"

"இல்லீங்களே மேடம். ஒண்ணுமே போடலீங்க. பச்சத் தண்ணிங்க."

முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பொய் சொல்லவில்லை. வேறு யாராவது என்றால் அதோடு திரும்பியிருப்பார்கள். நான் சாயப்பட்டறைகளிலேயே கிடந்தவள். சமைக்கிறவரிடம் 'சாதத்தில் என்ன போட்டீர்கள்' என்று கேட்டால் ஒன்றும் போடவில்லை என்பார். உப்பைச் சொல்ல மாட்டார். தினமும் போடுவதைப் போட்டதாகவே யாருக்கும் தோன்றாது. அதனால் அவரிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் வேலையை ஆரம்பிக்கும்போது நானும் கூடவே நடந்தேன். உங்களுக்கு நான் சொல்லும் ஒரே தொழில் ரகசியம் இதுதான். என்ன செய்தீர்கள் என்று கேட்காதீர்கள், செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

வியாழக்கிழமை காலை மாஸ்டர் முருகனைக் கும்பிட்டார், நீராவி வால்வைத் திறந்தார், மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தொட்டி ஏணியில் ஏறினார். நானும் ஏறினேன்.

"நீங்க வேணும்னா பாருங்க மேடம், இந்தத் தண்ணியில ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க," என்றார். சொல்லிக்கொண்டே ஓரத்தில் இருந்த நீலக் கேனைச் சாய்த்து, ஒரு பிளாஸ்டிக் ஜக் நிறையப் பிடித்து, தொட்டிக்குள் ஊற்றினார்.

"மாஸ்டர், அது என்னங்க?"

"எதுங்க? இதுங்களா? சீக்வெஸ்ட்ரிங்குங்க."

தண்ணீரில் இருக்கும் இரும்பு, சுண்ணாம்பு போன்றவற்றைப் பிடித்துக் கட்டிப் போடும் மருந்து அது. உலோகம் இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்பதால் ஊற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் பையன்கள் ஊற்ற மறந்துவிடுகிறார்கள் என்று மாஸ்டர் தொட்டியிலேயே ஊற்றிவிடுவாராம். சவ்வு வடிகட்டி வருவதற்கு முன்னாலிருந்தே பழக்கம். இப்போது அதற்குத் தேவையே இல்லை என்றாலும் கை நிற்கவில்லை.

எனக்கு ஏணியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. நம் என்சைமின் கையில் துளியூண்டு மாங்கனீசு இருக்க வேண்டும். அந்த உலோகம் இல்லாமல் அதனால் சர்க்கரையைத் திருப்பவே முடியாது. மாஸ்டர் ஒவ்வொரு நாளும் திருநீறு பூசிக்கொண்டு பக்தியோடு அதைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். என்சைம் சாகவில்லை. ஆயுதத்தைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தது.

நான் சொன்னதும் மாஸ்டர் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருவது வருசமா இதை ஊத்தித்தானுங்க ஷேடு காப்பாத்துனேன். உங்குளுக்கும் நல்லது பண்றதாத்தானுங்களே நெனச்சேன்," என்றார். எனக்கு அவர் மேல் அதுவரை இருந்த எரிச்சலெல்லாம் அங்கேயே இறங்கிப்போயிற்று.

"உட்கார நேரமில்லை மாஸ்டர். பழைய லைனுக்கு ஒரு வாடகை மோட்டார் வேணும். மத்தியானத்துக்குள்ள," என்றேன்.

மதியத்துக்கு முன்னாலேயே மோட்டார் ஓடியது. உருளையிலிருந்து ஒரு கை மணியை எடுத்து, குடிக்கும் கேன் தண்ணீரில் கழுவி, ஒரு சிட்டிகை மாங்கனீசு உப்புப் போட்டு, பழச்சர்க்கரையோடு வைத்தேன். சாயங்காலம், இன்னும் ஊர் திரும்பாமல் இருந்த ஆலோசகரைக் கூப்பிட்டு, மறுபடி ஏறியிருந்த அளவைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கைப்பிடி மணியில வரும். முழு உருளையில வரும்னு என்ன உத்தரவாதம்?" என்றார். நியாயமான கேள்விதான். உத்தரவாதம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முழு உருளையையும் நல்ல தண்ணீரிலும் மாங்கனீசிலும் கழுவ ஆரம்பித்தோம்.

வெள்ளிக்கிழமை பையர் அம்மாள் வந்தபோது அளவு ஒன்றைத்தான் தொட்டிருந்தது. முதலாளி வாசலில் என்னை மறித்து, "நின்னுபோன கதையை மட்டும் சொல்லிப் போடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார். நான் அந்த அம்மாளை நேரே உருளைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இது செவ்வாய்க்கிழமையிலிருந்து நின்றிருந்தது என்றேன். ஏன் நின்றது, எப்படித் திரும்புகிறது, எல்லாம் சொன்னேன். மறைத்தால் அடுத்த தடவை நிற்கும்போதும் மறைக்க வேண்டும். அந்தப் பிழைப்புக்கு நான் பிரிண்டிங் டேபிளே துடைத்துவிடுவேன்.

"மறுபடி நிக்காதா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நிக்கும்ங்க. வேற காரணத்துக்கு நிக்கும். அதையும் கண்டுபுடிப்போம்."

அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மாலை வரை இருந்து, ஏறிக்கொண்டிருந்த அளவைத் தானே இரண்டு தடவை பார்த்து, இரண்டு சாம்பிள் எடுத்துக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்காமலே பட்டறைக்குள் போனார்.

சனிக்கிழமை காலை நான் உருளைக்குப் பக்கத்தில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரையைத் தாண்டியிருந்தது. முதலாளியும் மாஸ்டரும் வாசலில் நின்றிருந்தார்கள். மண்ணரைக்காரர் ஒரு கார்ப்பென்டரோடு வந்து இறங்கினார். முடிவு ஆகிவிட்டது என்றே நினைத்து வந்திருக்கிறார். முதலாளி ஆகவில்லை என்றும் சொல்லவில்லை, ஆயிற்று என்றும் சொல்லவில்லை. பையரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவர் நிலையில் இருந்து பார்த்தால் பூட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மண்ணரைக்காரர் டேப்பை இழுத்து, பழக்கதோஷத்தில் நுனியை மாஸ்டரிடம் நீட்டினார். "மாஸ்டரே, சித்த புடிங்க."

மாஸ்டர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். விருந்தாளி செருப்பை எடுத்து வைக்கக்கூடக் குனிகிற மனிதர் அவர்.

"இல்லீங்க. நான் புடிக்கறதா இல்லீங்க. என்ற கையாலதான் இதை நிறுத்திப்போட்டேன். இது ஓடறதப் பாக்காம இந்த எடத்த ஒருத்தரும் அளக்க வேண்டாமுங்க," என்றார்.

டேப் மண்ணரைக்காரர் கையில் நீட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. முதலாளி மாஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உருளைக்குப் பக்கத்தில் வந்து அளவைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஷெட்டு இல்லீங்க, தம்பி. கோவிச்சுக்காதீங்க. வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்," என்றார்.

அன்று மாலை அளவு மூன்றைத் தொட்டது. மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "மூணுதானுங்களா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்டர் பிறகு வந்தது. வராமல் போயிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

உங்கள் காலத்திலும் உருளை நிற்கும். படித்த ஒருவர் வந்து செத்துவிட்டது என்பார். இந்த ஊருக்கு இது எதற்கு என்று ஒரு குரல் கேட்கும். உங்கள் ஷெட்டையும் ஒரு நாள் யாராவது டேப் வைத்து அளக்க வருவார்கள், மரியாதையாகவே பேசுவார்கள். அளந்துகொள்ளட்டும். அந்த முனையைப் பிடித்துக்கொடுக்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்.